மகாராணியோட வலது கை

எந்தங்கச்சி பேரு மகாராணி. பேருதான் அப்படி. பதினாலு வயசுல ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பு ஏறுனவ, முப்பத்தெட்டு வயசு வரைக்கும் அதே ஜீப்புலதான் ஏறி எறங்குனா. எங்கப்பன் என்ன நெனப்புல இந்தப் பேர வச்சாருன்னு ஒருநாள் கேக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள மனுசன் போய்ச் சேந்துட்டாரு.

நான் ஈஸ்வரி, மூத்தவ. போடியில ஏலக்கா ஸ்டோர்ல உக்காந்து காய் ரகம் பிரிக்கிறது என் சோலி. இத நான் சொல்றது யாரும் எரக்கப்படணும்னு இல்ல. ஊருக்குள்ள வேற ஒண்ணு சொல்லிக்கிட்டுத் திரியிறாக, காளியாத்தா அவளச் சோதிச்சுட்டாளாம். ஆத்தா மேல பழியத் தூக்கிப் போட்டா ஒருத்தருக்கும் நோகாதுல்ல, அதான். நடந்தது என்னன்னு எனக்குத் தெரியும், நானே சொல்லிர்றேன்.

மொதல்ல அவ கையப் பத்திச் சொல்லணும். ஏலக்கா செடியோட உச்சியில காய்க்காது. தூருக்கிட்ட, மண்ண ஒட்டிக் கெடக்குற சரத்துல காய்க்கும். குத்தவச்சு உக்காந்து, தட்டைய ஒதுக்கி, சரத்தத் தூக்கி, முத்துன காய மட்டும் கிள்ளணும். பிஞ்சத் தொட்டா சூப்பர்வைசரு கத்துவாரு. மத்தவக குனிஞ்சு குனிஞ்சு பாத்துக் கிள்ளுவாக. இவ பாக்கவே மாட்டா. மொகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிட்டு யாரையாச்சும் கேலி பேசிக்கிட்டு இருப்பா, விரலு பாட்டுக்கு எது முத்துனது எது பிஞ்சுன்னு தடவிக் கண்டுபிடிச்சுக் கிள்ளிப் போடும். சாரல் மழையில எல்லாரும் கண்ணத் தொடச்சிக்கிட்டு நிக்கையில இவ கூடை நெறஞ்சிரும். அந்த மலையாளத்துச் சூப்பர்வைசரு இவளுக்குப் பத்து வயசு மூப்பு, ஆனாலும் சேச்சி சேச்சின்னுதான் கூப்பிடுவாரு.

போன வருசம் புரட்டாசியில, சோலி முடிஞ்சு போடிமெட்டுல இருந்து ஜீப்பு எறங்குது. சீனிச்சாமி ஓட்டுறாப்புல. பத்துப் பேரு போற வண்டியில பதினாறு பேரு. அது ஒண்ணும் புதுசு இல்ல, தெனமும் அப்படித்தான். பனி எறங்கி வளைவு தெரியல. எதுக்க லாரி வரவும் ஒடிச்சு ஓரங்கட்டுனதுல சக்கரம் ரோட்டோர வாய்க்காலுக்குள்ள எறங்கி, வண்டி மலைப் பக்கமா சாஞ்சிருச்சு. நல்ல வேளை பள்ளத்துப் பக்கம் சாயல. எல்லாருக்கும் செராய்ப்பு, வீக்கம், அம்புட்டுதான். இவ மட்டும் இடமில்லாம ஓரத்துல உக்காந்து வெளிக்கம்பியப் புடிச்சிக்கிட்டு வந்திருக்கா. பாறைக்கும் தகரத்துக்கும் நடுவுல வலது கை மாட்டி, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல ஆழமா அறுத்துருச்சு.

மதுரையில வச்சு நரம்பத் தச்சாக, தசைநாரத் தச்சாக. அஞ்சு மணி நேரம். நானும் அவ புருசன் சுருளியும் வெளிய நிக்கிறோம். சுருளி லோடு ஏத்துற ஆளு, மலை மாதிரி இருப்பாப்புல, அன்னைக்குச் சொவத்துல சாஞ்சு ஒண்ணுமில்லாமப் போயிட்டாப்புல. நாந்தான் பெரிய இவளாட்டம் முந்தானையில ஒத்த ரூவாய முடிஞ்சு, எங்க ஊரு காளியாத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். எந்தங்கச்சி கை பொழச்சு வந்தா, அதே கையில ஒனக்கு அக்கினிச்சட்டி எடுக்க வைக்கிறேன்னு. பாத்தீகளா. நேந்துக்கிட்டது நான், எடுக்க வேண்டியது அவ. என் கையில எடுக்குறேன்னு எனக்கு வாய் வரல.

தையல் பிரிச்சு, கட்டுக் கழட்டி வீட்டுக்கு அனுப்பயில டாக்டரு சொன்னாரு, நாங்க செய்ய வேண்டியதச் செஞ்சாச்சு, இனி இந்தக் கை திரும்புறது பிசியோகாரக கையிலதான் இருக்குன்னு. கை விறகுக்கட்ட மாதிரி இருந்துச்சு. விரலு மடங்கல. மணிக்கட்டுக்குக் கீழ கிள்ளுனாலும் தெரியல.

போடி பஸ்டாண்டுக்குப் பின்னால சந்துக்குள்ள ஒரு மருந்துக்கடைக்கு மேல முத்துப்பிரியான்னு ஒரு பிள்ள பிசியோ பாக்குது. இருபத்தேழு வயசிருக்கும். கையில வளையலு கெடையாது, நகத்த ஒட்ட வெட்டியிருக்கும். நாங்க ஏதோ மிசினு வைக்கும், கரண்டு வைக்கும்னு நெனச்சுப் போனோம். அது இவ கைய எடுத்துத் தன் மடியில வச்சிக்கிட்டு, அரை மணி நேரம் சும்மா அமுக்கி அமுக்கித் தடவிக்கிட்டே இருந்துச்சு. இதுக்கா ஒரு படிப்புன்னு எனக்குக் கடுப்பு.

நாலாம் நாள் தெரிஞ்சது அது என்ன வேலைன்னு. தழும்புக்கு அடியில தோலும் தசைநாரும் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிருச்சாம். அதக் கட்டைவிரலால வட்டம் வட்டமா அழுத்தித் தேச்சுப் பிரிக்கணும். அப்பறம் ஒவ்வொரு விரலா, ஒவ்வொரு கணுவா மடக்கி, இருபது எண்ணுற வரைக்கும் புடிச்சு, விட்டு, திரும்ப மடக்கணும். பதினஞ்சு கணுவு. கணுவுக்குப் பத்துத் தடவ. மேல் கையில உணர்ச்சி இருக்குல்ல, தழும்புல கை வைக்கும்போது மகாராணி பல்லக் கடிச்சுக்கிட்டு அழுவா. அந்தப் பிள்ள நெத்தியிலயும் வேர்வை வழியும். விடாது. அழுதுக்கங்கக்கா, ஆனா கைய மட்டும் இழுக்காதீகன்னு சொல்லும்.

ஒருநாள் சுருளி படியேறி வந்து இவ அழுகுறதப் பாத்துட்டு, எம்பொண்டாட்டிய என்ன பண்றன்னு சத்தம் போட்டுட்டாப்புல. முத்துப்பிரியா எந்திரிக்கக்கூட இல்ல. இப்படி வந்து உக்காருங்கண்ணேன்னு பக்கத்துல உக்கார வச்சு, அவரு கையப் புடிச்சு இவ தழும்பு மேல வச்சு, எம்புட்டு அழுத்தணும், எங்க நிறுத்தணும்னு சொல்லிக் குடுத்துச்சு. அன்னையில இருந்து மூட்ட தூக்குற அந்தக் கை தெனம் சாயங்காலம் பொண்டாட்டி விரல ஒண்ணொண்ணா மடக்கி விட்டுச்சு. எண்ணுறதுல பதினாறுக்கு அப்பறம் தடுமாறுவாப்புல, இவ திட்டுவா. அந்த வீட்டுல அப்பத்தான் திரும்பச் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு.

நரம்பு கத அத விடக் கூத்து. தச்ச எடத்துல இருந்து அது வேர் மாதிரி கீழ எறங்கி வளரணுமாம். ஒரு நாளைக்கு ஒரு கடுகு அளவுகூடக் கெடையாது. முத்துப்பிரியா தழும்புல இருந்து கீழ விரலால தட்டிக்கிட்டே வரும். ஒரு எடத்துல கரண்டு அடிச்சாப்புல விரல் வரைக்கும் சுர்ருன்னு ஓடும். நரம்பு அதுவரைக்கும் வந்துருச்சுன்னு அர்த்தம். அங்க நீலப் பேனாவால ஒரு கோடு போடும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்காத் தட்டும், அடுத்த கோடு அர விரக்கடை கீழ எறங்கியிருக்கும். குளிச்சா அழிஞ்சிரும்னு சுருளி பழைய கோட்டு மேலயே திரும்பத் திரும்ப எழுதி வைப்பாப்புல. தேர்வு எழுதுற பிள்ள கணக்கா நாங்க அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டுக் கெடந்தோம்.

அந்தப் பிள்ள ஒண்ணத்தான் ஓயாமச் சொல்லும். விரலு மடங்குறது வேற, தொட்டா தெரியிறது வேற. புடிப்பு மொதல்ல வந்துரும், உணர்ச்சி பின்னாலதான் வரும். உள்ளங்கைக்கு வந்து சேர ஆடி மாசம் ஆகும். அதுவரைக்கும் சுட்டா இந்தக் கைக்குத் தெரியாது, அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீகன்னு. தை மாசம் ஒருநாள் மகாராணி மறந்தாப்புல கொதிக்கிற கஞ்சிச் சட்டியப் புடிச்சு எறக்கி, கட்டைவிரல்ல கொப்பளம். எப்ப வந்துச்சுன்னு அவளுக்கே தெரியல. முத்துப்பிரியா அன்னைக்கு அவள விட்டுட்டு என்னைய ஏசுச்சு. கூட இருக்குறவகதான் இவுக கைக்குத் தோலு, நீங்கதான் பாக்கணும்னுச்சு. சின்னக் கழுத எனக்குப் புத்தி சொல்லுதான்னு மனசுக்குள்ள கறுவுனேன். இப்ப ஒளிச்சு என்ன ஆகப் போகுது.

என்னைய ஸ்டோர்ல இருந்து பெருங்காயும் சிறுகாயும் கொஞ்சம் கொண்டாரச் சொல்லுச்சு. கண்ண மூடிக்கிட்டு, விரல்ல உருட்டி, எது பெருசு எது சிறுசுன்னு மகாராணி சொல்லணும். இருபத்தி நாலு வருசமாக் கண்ணால பாக்காமக் கிள்ளுன கை. ஒருநாளும் சரியாச் சொல்லல. கையில காய் இருக்கா இல்லையாங்கிறதே தெரியல. சிரிச்சு மழுப்புவா. கீழ எறங்கி வரயில படிக்கட்டுல நின்னு, இந்தக் கை என் கை இல்லக்கான்னு சொல்லுவா. ஆடியில காயெடுப்பு ஆரம்பிக்கும், அதுக்குள்ள கை வந்துரணும், வரலைன்னா ஜீப்புல ஏத்த மாட்டாகன்னு அவளுக்கு அதே கவலை. அவளுக்குத் தெரிஞ்ச சோலி அது ஒண்ணுதான்.

மாசி கடைசியில ஒரு மத்தியானம். ஆறு மாசமா இடது கையில ஸ்பூன வச்சு வெக்கப்பட்டு வெக்கப்பட்டுத் தின்னவ, ஆறுன சோத்த வலது கையால பெசஞ்சு, உருட்டி, வாயில வச்சா. சோறு சிந்துச்சு. சிந்திட்டுப் போகுது. சுருளி எந்திரிச்சு வெளிய போயிட்டாப்புல. நான் ஒப்பாரி வைக்காத கொறையா அழுதேன். அழுதுக்கிட்டே சொன்னேன், ஆத்தா கண்ணத் தொறந்துட்டான்னு. அஞ்சு மாசம் அந்தக் கைய மடியில போட்டுத் தேச்சவ பேரு என் வாயில வரல. வராதுன்னு இல்ல, வர விடல. ஊருக்குள்ள பாக்குறவகெல்லாம் அந்தப் பிசியோ பிள்ள கை ராசின்னு பேசப் பேச எனக்கு எரிஞ்சுச்சு. நேந்துக்கிட்டவ நான் இல்லையா?

பங்குனியில எங்க ஊருக் காளியாத்தா பொங்கலு. காப்புக் கட்டுறதுக்கு முந்துன நாள் போய்ச் சொன்னேன், சட்டி எடுக்கணும்னு. மகாராணி கைய விரிச்சுப் பாத்தா. நீலக் கோடு மணிக்கட்டுக்கு மேல ரெண்டு விரக்கடையில நிக்குது.

"அக்கா, அந்தப் பிள்ள சூடு ஆகாதுன்னு சொல்லியிருக்குல்ல. அடுத்த வருசம் எடுப்போமே" அப்படின்னா.

நான் சொன்னேன், "அடுப்புச் சூடு வேற, ஆத்தா சூடு வேறடி."

சுருளி எதுக்கும் முத்துப்பிரியாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருவோம்னாப்புல. குடுத்த கைய ஆத்தா திரும்ப வாங்கிக்கிட்டா நீ பொறுப்பேத்துக்கிருவியான்னு கேட்டேன். அதுக்கு மேல எந்தப் புருசன் பேசுவான்? எனக்கு வேணுங்கிறதும் அதுதான். முத்துப்பிரியாவுக்கு நானே போன் போட்டு, சின்னமனூருல ஒரு விசேசம், எட்டு நாளைக்கு வர முடியாதுன்னு பொய் சொன்னேன். போய்ட்டு வாங்கக்கா, அண்ணன விரல மட்டும் மடக்கி விடச் சொல்லுங்க, பந்தியில சுடுசோறு பாத்துன்னுச்சு.

ஓடையில இருந்து கோயிலுக்கு ஒண்ணரைக் கிலோமீட்டரு. மத்தியான வெயிலு. மஞ்சச் சேல கட்டி, உள்ளங்கையில வேப்பிலைய வச்சு, அதுக்கு மேல சட்டி. உள்ள கட்டை கங்காக் கனிஞ்சுக்கிட்டு இருக்கு. எடுத்துப் பழகுனவக எல்லாரும் கைய மாத்தி மாத்தித்தான் ஏந்துவாக. சூடு ஏற ஏற வலதுக்கு, அப்பறம் இடதுக்கு. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதுல கொறச்சலு ஒண்ணும் இல்ல.

மகாராணியும் ரெண்டு கையிலயும்தான் ஏந்துனா. கொஞ்ச தூரத்துல இடது கை தாங்கல. மொகம் சுண்டுச்சு. சட்டிய அப்படியே வலது கைக்கு நகட்டி, இடது கைய ஓரத்துல சும்மா அண்டக் குடுத்துக்கிட்டா. மொகம் தெளிஞ்சிருச்சு. என்னையப் பாத்துச் சிரிச்சா. அந்தச் சிரிப்பு இருக்கே, ஜீப்பு சாஞ்ச நாள்ல இருந்து அப்படி ஒரு சிரிப்பு அவ சிரிக்கல. அவ நெனப்பு என்னன்னா, இடது கையவிட வலது கை பலமாயிருச்சுன்னு. அப்படித்தான் பின்னால சொன்னா.

முக்கா மணி நேரம் கை மாத்தவே இல்ல. ஊரே அசந்து போச்சு. குலவ போட்டாக. கால்ல தண்ணி ஊத்துனாக. ஆத்தா அந்தக் கையிலயே எறங்கிட்டான்னு ஒருத்தி சொல்ல, நான் முன்னால நடந்துக்கிட்டு, அறுந்த கை, தச்ச கை, பாத்துக்கங்கன்னு வெளம்பரம் பண்ணிக்கிட்டே போனேன். வாழ்நாள்ல அம்புட்டுப் பெருமையா நான் நடந்ததில்ல.

கோயில்ல சட்டிய எறக்கி வச்சாச்சு. வேப்பிலை உள்ளங்கையோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. சுருளி மெதுவாப் பிரிச்சாப்புல. தோலும் சேந்து வந்துருச்சு. மகாராணி அடுத்தவ கையப் பாக்குற மாதிரி அதப் பாத்துக்கிட்டு இருந்தா. வலிக்கலையேக்கான்னா. அப்பவும் என் வாய் சும்மா இருக்கல. சுத்தி நின்னவககிட்ட, பாத்தீகளா, ஆத்தா வலிக்க விடலன்னு சொன்னேன். தோலு உரிஞ்ச கைய வச்சிக்கிட்டு. சுருளி என்னைய மதினின்னு மரியாதையாத்தான் கூப்பிடுவாப்புல இருபது வருசமா. அன்னைக்குக் கூப்பிட்ட வார்த்தைய நான் இங்க சொல்ல மாட்டேன். அது எனக்குத் தகும்.

திரும்ப ஆஸ்பத்திரி. தொடையில இருந்து தோலு எடுத்து ஒட்டுனாக. ஆறயில உள்ளங்கை சுருங்கி, மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ள மடங்கி ஒட்டிப் போச்சு. கட்டு அவுத்ததும் முத்துப்பிரியாகிட்டக் கூட்டிட்டுப் போனேன். வண்ட வண்டயாக் கேக்கும்னு நெனச்சுத்தான் போனேன். கேட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும். கைய வாங்கி மடியில வச்சுத் திருப்பிப் பாத்துச்சு. சட்டி எம்புட்டு நேரம் கையில இருந்துச்சுன்னு மட்டும் கேட்டுச்சு. சொன்னேன்.

தல நிமிராமச் சொல்லுச்சு. "ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா. எங்கம்மாவும் வருசா வருசம் சட்டி எடுக்குறவதான். நானே கூட நடந்து வந்து, சட்டிக்கு அடியில என் கையக் குடுத்திருப்பேன்."

அம்புட்டுதான். தழும்பு மேல கட்டைவிரல வச்சு, மொதல்ல இருந்து ஆரம்பிச்சிருச்சு. அதுக்கப்பறம் எங்கிட்ட அது தேவைக்கு மேல பேசுறதில்ல. மகாராணிகிட்டப் பேசும். மகாராணி இன்னைக்கு வரைக்கும் என்னைய ஒரு சொல்லு சொன்னதில்ல. யாராச்சும் கேட்டா, நாந்தான் எடுக்கணும்னு ஆசப்பட்டேன்னு சொல்லிர்றா. அது என்னைய அறையிற மாதிரி இருக்கு.

ஆடி பொறந்துச்சு. விடியாலம் ஜீப்பு ஆரன் அடிச்சிட்டுப் போகும், மகாராணி முழிச்சுப் படுத்துக் கெடப்பா. போன வாரம் திங்கக்கெழம, முத்துப்பிரியா பஞ்ச எடுத்து உள்ளங்கையில லேசா ஓட்டிக்கிட்டு இருக்கு. மகாராணி வெடுக்குன்னு கைய இழுத்தா. சுடுதுன்னா. நான் கூறுகெட்டவ, சூடா என்ன பட்டுச்சுன்னு சுத்திச் சுத்திப் பாக்குறேன். பஞ்சு. மேல காத்தாடி. வேற ஒண்ணுமே இல்ல. முத்துப்பிரியாவுக்குத்தான் மொதல்ல புரிஞ்சது. நரம்பு வந்துருச்சுக்கான்னு சொல்லி, கோடு போட நீலப் பேனாவ எடுத்துச்சு. அந்தத் தோல்ல பேனா எழுதல. ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டு மூடி வச்சிருச்சு.

சொன்ன மாசத்துல சொன்ன மாதிரி நரம்பு வந்து சேந்துருச்சு. அது வந்து நிக்கிறது சுட்ட தோலுக்குள்ள. வெந்த கையில வளந்தா மொதல்ல எரிச்சலாத்தான் தெரியுமாம், தடவித் தடவிக் கொறைக்கலாமாம், மாசக்கணக்கு ஆகுமாம். கொறஞ்சாலும் காய் கிள்ளுற விரலு இனி வராது. அதையும் அது ஒளிக்காமச் சொல்லிருச்சு. மகாராணி தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டா.

வீட்டுக்குத் திரும்பயில பஸ்சுல என் தோள்ல சாஞ்சு கண்ணசந்துட்டா. கை என் மடியில கெடக்கு. அந்தப் பிள்ள வச்சிக்கிருமே, அப்படி நானும் ரெண்டு கையாலயும் ஏந்தி வச்சிருக்கேன். குரங்கணி ரோட்டுல ஒரு பள்ளத்துல பஸ்சு குலுங்குச்சு. பாதித் தூக்கத்துல, சின்னப் பிள்ளையில பேசுன கொரல்ல கேக்குறா.

"அக்கா, ரொம்பச் சுடுதுக்கா. எறக்கி வச்சிரட்டுமா?"

எறக்கி வச்சிரு தாயின்னு சொன்னேன்.